கூடுதலாக இரண்டு வரிசை

அந்த விமான நிறுவனத்தின் சேர்மன், ஆகாயத்துக்கு வருமுன் தரையில் பஸ் விட்டுக்கொண்டிருந்தவர். ஆள் ஏற ஏற பஸ்ஸில் இடம் தானாக உண்டாகும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. விமானத்தில் மட்டும் ஏன் உண்டாகாது என்று அவருக்குப் புரியவில்லை. முதல் விமானம் வந்து இறங்கிய அன்று, உள்ளே பாதித் தூரம் நடந்துவிட்டு, நடைபாதையைச் சுட்டி, இங்கே நின்றுகொண்டு வர முடியாதா என்று கேட்டார். முடியாது என்றார் பாதுகாப்பு மேலாளர். சரி, நிற்க முடியாவிட்டால் உட்காரட்டும் என்று பெரிய மனது பண்ணி, கூடுதலாக இரண்டு வரிசை சீட் போட உத்தரவிட்டார் சேர்மன்.

போட்டார்கள். இருந்த வரிசைகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி, நடுவில் இந்த இரண்டையும் நுழைத்தார்கள். அதில் உட்காருகிறவர் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து, ஏதோ பெரிய விஷயத்தை யோசிக்கிற பாவனையிலேயே பயணம் முழுவதும் போகலாம். ஒல்லியான இரண்டு பொறியாளர்கள் உட்கார்ந்து காட்டினார்கள். சேர்மனுக்குத் திருப்தி. அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

பாதுகாப்பு மேலாளருக்கு அலுவலகத்தில் பெல்ட் என்று பெயர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால்கூட இடுப்பைத் தடவி எதையோ தேடுவார் என்று அவர் மனைவி சொல்லி, அது எப்படியோ அலுவலகம்வரை போய்ச் சேர்ந்திருந்தது. அவருடைய அறை வாசலில், சேர்மன் வானத்தை அண்ணாந்து பார்க்கும் படத்தோடு, 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று ஆளுயரப் பலகை ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால்தான் தீயணைப்புக் கருவி இருந்தது. பலகையை நகர்த்தச் சொல்லி அவர் வாய் ஓய்ந்துவிட்டது. சேர்மன் முகத்தை யார் கையால் தள்ளுவது என்பது முடிவாகாததால் அது அப்படியே நின்றது.

விமானப் பாதுகாப்பு ஆணையம் சும்மா இருக்கவில்லை. இந்த விமானத்தைச் செய்தவர்கள் இத்தனை பேர் தப்பித்து வெளியேறலாம் என்றுதான் நிரூபித்திருக்கிறார்கள். நீங்கள் அதற்கு மேல் ஏற்றுகிறீர்கள். ஆகவே நீங்களே நிரூபியுங்கள் என்று சொல்லிவிட்டது. விமானம் நிறைய ஆட்களை உட்காரவைக்க வேண்டும். விளக்கை அணைக்க வேண்டும். பாதிக் கதவுகளை மூடிவிட வேண்டும்; எந்தப் பாதி என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. மிச்சக் கதவுகள் வழியே, காற்றடைத்த சறுக்குகளில், கடைசி ஆள்வரை ஒன்றரை நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிட வேண்டும். ஆட்களில் பெண்கள் இருக்க வேண்டும், ஐம்பது தாண்டியவர்கள் கணிசமாக இருக்க வேண்டும், கைக்குழந்தைகளுக்குப் பதில் பொம்மைகள் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மாதத்துக்குள் இதை ஒத்திகை பார்த்தவர் ஒருவரும் இருக்கக் கூடாது.

டிக்கெட் விற்பனையை ஏற்கெனவே தொடங்கியிருந்த சேர்மனுக்கு இதில் பெரிய சிக்கல் எதுவும் தெரியவில்லை. விளையாட்டுக் கல்லூரியிலிருந்து பையன்களைக் கூட்டிவந்து, பாதிப் பேருக்குத் தலையில் மாவு தடவி உட்காரவைக்கலாம் என்றார். வயதுக்குச் சான்று கேட்பார்கள் என்று மேலாளர் சொன்னதும், அப்படியானால் ஊழியர்கள் ஆளுக்கு ஐந்து உறவினர்களைக் கொண்டுவரட்டும், நன்றாகப் பழக்கிவிடு என்றார்.

"ஒத்திகை பாக்கக் கூடாது சார்."

"ஒத்திகை பாக்காம எவனாவது நாடகம் போடுவானா?"

"இது நாடகம் இல்ல சார்."

"அப்பறம் எதுக்கு பொம்மை எல்லாம் கேக்குறாங்க?"

மேலாளர் ஆணையத்தின் கடிதத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் தேடினார். அந்த இடைவெளியில் சேர்மன் முடிவெடுத்துவிட்டார். ஒத்திகை என்று பெயர் வைத்தால்தானே தப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் சரக்குக் கொட்டகையில் 'குடும்ப நல்லுறவுக் கூட்டம்' நடக்கும், டீயும் பிஸ்கட்டும் கொடுக்கலாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "சர்டிபிகேட் வரலன்னு வச்சுக்க, இந்த கம்பெனியில முதல்ல வெளியேறப் போறது நீதான். ஒன்றரை நிமிஷம்கூட ஆவாது," என்றார்.

மேலாளர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் பயந்தது வேலைக்காக அல்ல. கூட்டத்தை ஒழுங்குபடுத்த அவள் அப்பாவைக் கேட்கலாம் என்று கணவர் இருக்கிறார் என்று தெரிந்ததும்தான், "அவரக் கூப்பிட்டீங்கன்னா அப்பறம் நிறுத்த முடியாதுங்க. யோசிச்சுக்கங்க," என்றாள்.

அவர் யோசிக்கவில்லை. மாமனார் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஓய்வு பெற்றதிலிருந்து வரிசையில் நிற்கவைக்க ஆள் கிடைக்காமல் ஏங்கிப்போயிருந்தவர். தண்ணீர் வரும் குழாயடியில் வாளிகளை உயர வரிசைப்படி அடுக்கிப் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம்வரை போனவர். மாப்பிள்ளை வந்து கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் விசிலைக் கழுவி எடுத்துவந்தார்.

சரக்குக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கயிறு கட்டி நடைபாதை செய்தார்கள். முதல் ஞாயிறு ஒரே கூச்சல். கணக்குப் பிரிவுக்காரரின் அத்தை கைப்பையை விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். ஒருவர் செருப்பைத் தேடினார். சறுக்குக்குப் பதிலாகப் போட்டிருந்த மெத்தையில் இரண்டு பேர் படுத்தே விட்டார்கள். மாமனார் அசரவில்லை. விமானத்தில் ஏறுவது இடது பக்கம்தானே என்று, முன்பாதி வரிசைகளுக்கு முன்புற இடது கதவு, பின்பாதிக்குப் பின்புற இடது கதவு எனப் பிரித்தார். ஒவ்வொருவருக்கும் முன்னால் யார், பின்னால் யார் என்று நெட்டுருப்போட வைத்தார். பிறகு தன் அனுபவத்திலிருந்து ஒரு அறிவுரையும் சொன்னார்.

"நெருக்கடின்னு வந்தா யாராவது குறுக்க நின்னு அங்க போ இங்க போன்னு கத்துவாங்க. காதுல வாங்காதீங்க. உங்க கதவு உங்களுக்கு. வரிசை கலைஞ்சுது, கத முடிஞ்சுது."

மூன்றாவது ஞாயிறு அந்தக் கொட்டகையில் நடந்தது கண்கொள்ளாக் காட்சி. விசில் ஊதியதும் அத்தனை பேரும் ஒரே ஆளைப் போல எழுந்தார்கள். நூல் பிடித்தாற்போல நகர்ந்தார்கள். அத்தை கைப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒன்றரை நிமிடத்தில் கணிசமான மிச்சம் இருந்தது. எட்டிப்பார்த்த சேர்மன் கைதட்டினார். அவர் கொட்டகை வாசலோடு நின்றுகொண்டார். டைரக்டர்கள் அவருக்கும் பின்னால், காரிலேயே இருந்தார்கள்.

கெடுத்தது சகலை ஒருவர்தான். மேலாளருடைய மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூன்று ஞாயிறும் டீ வரும் நேரம் பார்த்து வந்து, பிஸ்கட்டோடு போய்விட்டார். மாமனார் அவரைப் பார்த்து, பெரிய மாப்ள எப்படி, நீங்க எப்படி என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "அதான் ரெண்டு பேர் எதுக்குன்னு ஒதுங்கிட்டேன் மாமா," என்றார் சகலை, டீயை உறிஞ்சிக்கொண்டே.

மேலாளருக்கு மட்டும் தூக்கம் சரியில்லாமல் போயிற்று. பங்கெடுப்பவர் யாரும் ஒத்திகை பார்த்ததில்லை என்று ஆணையத்துக்கு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். பெல்ட் என்று பெயரெடுத்த மனிதன் போட்ட முதல் பொய்க் கையெழுத்து. பழக்கம் இல்லாததால் அது கொஞ்சம் கோணலாகவும் விழுந்திருந்தது.

சோதனை நாளன்று விமானக் கொட்டகையின் பெரிய கதவுகளைச் சாத்தி, பட்டப்பகலிலேயே இரவை உண்டாக்கினார்கள். ஆணையத்திலிருந்து வந்த ஆய்வு அதிகாரி கண்ணாடி போட்ட, மெல்லிய குரல்கொண்ட பெண்மணி. சேர்மன் கொடுக்க வந்த பூங்கொத்தை வாங்கிப் பக்கத்திலிருந்த ஏணியின் மேல் வைத்தார். சேர்மன், பாதுகாப்பு தன் ரத்தத்தில் ஊறியது என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இடது பக்கக் கதவுகள் அத்தனையையும் மூடச் சொன்னார்.

மேலாளர் இடது பக்கக் கதவுகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரியாது; சொல்லவும் கூடாது.

விளக்கு அணைந்தது. தலைமைப் பணிப்பெண்ணின் குரல் உள்ளிருந்து கணீரென்று கேட்டது. வலது பக்கம் இரண்டு சறுக்குகளும் புஸ்ஸென்று விரிந்து தரையைத் தொட்டன. முதலில் வலதுபுற முன்கதவிலிருந்து ஓர் உருவம் பாய்ந்து, ஒரு பொம்மையைத் தலைகீழாக இடுக்கியபடி, சறுக்கி வந்து அதிகாரியின் காலடியில் நின்றது. சகலை.

அதன் பிறகு யாரும் வரவில்லை.

உள்ளே விசில் சத்தம் கேட்டது. இடது பக்க மூடிய கதவுகளுக்கு முன்னால், முழு இருட்டில், இம்மி பிசகாத வரிசையில், ஒரு விமானம் நிறைய மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தக் கதவு திறக்காது, அந்தப் பக்கம் போங்கள் என்று பணிப்பெண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவரும் அசையவில்லை. குறுக்கே நின்று கத்துவார்கள் என்று அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. தலைமைப் பணிப்பெண் ஒருவரின் தோளைப் பிடித்துத் திருப்பினார். அவர் ஒழுங்காகத் திரும்பிவந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். "உங்க கதவு உங்களுக்கு," என்று மாமனாரின் குரல் இருட்டில் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒன்றரை நிமிடம் போய், அதற்கு மேலும் நிறையப் போய், விளக்கைப் போட்டார்கள். அப்போதும் வரிசை கலையவில்லை.

விசாரணை மேலாளருடைய அறையில் நடந்தது. அதிகாரி குற்றம் சாட்டுகிற தொனியில் எதையும் கேட்கவில்லை. இவ்வளவு அழகான வரிசையைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை, இது எப்படி வந்தது என்று மாமனாரிடம் சாதாரணமாக விசாரித்தார். பாராட்டுக்கு நாற்பது வருடம் காத்திருந்த மனிதரை அப்படிக் கேட்கலாமா? மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை, விசில், மெத்தை, பிஸ்கட் எல்லாவற்றையும் சொன்னார். பயிற்சியில் அந்தக் கதவு ஒரு தடவைகூட மூடியிருந்ததில்லை என்பதையும், கதவைப் பராமரிக்கிறவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சேர்மன் சிரித்தார். "பெரியவருக்கு வயசாயிடுச்சு மேடம். எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிக்கிறார். அவரு மாப்பிள்ளையையே கேளுங்க."

மாமனார் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒரு வரிசைக்கு நடுவில் திடீரென்று தன் இடம் எது என்று தெரியாமல் போனவரின் முகமாக இருந்தது. சேர்மனும் மேலாளரைப் பார்த்தார். அதிலிருந்த செய்தி தெளிவாக இருந்தது. அதிகாரி மட்டும் யாரையும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேலாளரின் கை இடுப்பைத் தடவியது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

"மாமா குழம்பல மேடம். அவர் சொன்னது அத்தனையும் நடந்துச்சு. ஒத்திகை இல்லன்னு கையெழுத்து போட்டது நான்தான். அது பொய்."

மாமனார் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொய்க் கையெழுத்துக்கு ஆணையத்திடமிருந்து எச்சரிக்கை வரும், நேரில் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். இன்று விமானத்துக்குள் இருந்த யாரும் ஆறு மாதத்துக்கு இன்னொரு சோதனையில் கலந்துகொள்ள முடியாது என்றார்.

சேர்மனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதத்து டிக்கெட்டுகள் விற்றுப்போய்விட்டன. உறவினர்கள் தீர்ந்துவிட்டார்கள். மூடிய கதவு முன்னால் இருட்டில் நின்ற கதை இன்றைக்கே தெருத்தெருவாகப் பரவிவிடும்; புதிதாக ஐம்பது தாண்டியவர் ஒருவரும் வரமாட்டார். ஆள் கிடைக்காமல் என்ன செய்வது என்று அதிகாரியிடமே முறையிட்டார். இளவட்டங்களை எங்கேயாவது பிடிக்கலாம், வயதானவர்களுக்கு எங்கே போக?

"உங்க கம்பெனியிலயே அம்பது தாண்டினவங்க, அந்த ஞாயித்துக்கிழமைகள்ல எதுலயும் கலந்துக்காதவங்க யாராவது இருக்காங்களா?" என்று அதிகாரி மேலாளரைக் கேட்டார்.

வேலை போவது நிச்சயம் என்றான பிறகு மனிதனுக்கு ஒரு தெளிவு வந்துவிடுகிறது. "இருக்காங்க மேடம். சேர்மனும் டைரக்டர்களும்தான்," என்றார் மேலாளர்.

விமானத்தை ஓட்டுகிறவர்களும் பழுது பார்க்கிறவர்களும் பயணியாக நடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. சேர்மன்களைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அவர்களை யாரும் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று மாலை மாமனார் மேலாளர் வீட்டில் சாப்பிட்டார். போகும்போது, "சின்ன மாப்ள மட்டும் எப்படி சரியான கதவுல வந்தாரு?" என்று கேட்டார். புஸ்ஸென்று சத்தம் கேட்ட பக்கம் ஓடினேன் என்று சகலை சொன்னதாக மூத்த மகள் சொன்னாள். "அது ஒரு முறையா?" என்று முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினார். கணவருக்கு வேலை போகப்போகிறதே என்று மேலாளரின் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, அப்பாவைப் பொய்யராக்காமல் விட்டதற்குத் தன் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து கணவர் தட்டில் வைத்தாள்.

இரண்டாவது சோதனை. புதிய ஆட்களை எப்படியோ திரட்டியிருந்தார்கள். யார் எங்கே என்பதை அதிகாரியே தீர்மானித்தார். உயர்ந்தவர் தாழ்ந்தவர் பாராமல் குலுக்கிப் போட்டதில், சேர்மனுக்குப் புதிதாகப் போட்ட இரண்டு வரிசைகளில் ஒன்று வந்தது. பக்கத்தில் நிதி டைரக்டர். சேர்மன் சிரித்த முகத்தோடுதான் உட்காரப் போனார். இடுப்பு உள்ளே போய்விட்டது. முழங்கால்கள் போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார்கள். முன்சீட்டின் முதுகு அவர் மூக்குக்கு எதிரே வந்து நின்றது. "இது எந்த வரிசை?" என்று பணிப்பெண்ணைக் கேட்டார். புது வரிசை சார் என்றார் அவர்.

விளக்கு அணைந்தது. மேலாளர் வெளியே, அவசர விளக்குகளின் மங்கல் வெளிச்சத்தில், தரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாய் திறக்கக் கூடாது; திறந்தால் சோதனை செல்லாது. சறுக்குகள் விரிந்தன. ஆட்கள் வந்தார்கள். யாரும் யாரையும் வரிசைப்படுத்தாததால் ஒருவர்மேல் ஒருவராக, விழுந்தடித்து, ஆனால் வந்தார்கள். ஒரு டைரக்டர் டையைக் காற்றில் பறக்கவிட்டபடி சறுக்கினார். இன்னொருவர், கண்ணை இறுக மூடி இரண்டு பொம்மைகளை அணைத்தபடி.

உள்ளேயிருந்து சேர்மனின் குரல் கேட்டது. "யாருப்பா அது? என் மேல ஏறிப் போறது யாரு?"

இருட்டில் யாரும் பெயர் சொல்வதாக இல்லை. சற்றைக்கெல்லாம் நிதி டைரக்டர் சறுக்கில் வந்தார். ஒரு கால் ஷூ இல்லை. முகத்தில் விவரிக்க முடியாத ஒரு திருப்தி இருந்தது.

கடைசியாகச் சேர்மன் கதவில் தெரிந்தார். கீழே எட்டிப்பார்த்தார். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தயங்குகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளு என்று தலைமைப் பணிப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேலாளர்தான். அந்தப் பெண்ணின் கை உயர்ந்து, அந்தரத்தில் நின்றது. சம்பளம் கொடுக்கிற முதுகு அது. அந்தப் பெண் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து, கற்றுக்கொண்டபடியே தள்ளினார்.

சேர்மன் உட்கார்ந்த வாக்கில், இரண்டு கைகளையும் விரித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் வந்து சேர்ந்தார்.

ஒன்றரை நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. தேறவில்லை என்றார் அதிகாரி, அதே மெல்லிய குரலில். அந்தப் புது வரிசைகளில் இருந்தவர்கள் வெளியே வந்து நடைபாதையை அடைவதற்கே நேரம் போய்விட்டது என்பதை விளக்கினார். கூடுதல் சீட் இல்லாவிட்டால் இந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

சேர்மன் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். டை காதைச் சுற்றியிருந்தது. எழுந்திருக்க யாராவது கைகொடுப்பார்களா என்று டைரக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலாளர் போய்க் கையை நீட்டினார். அதைப் பிடித்து எழுந்த சேர்மன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"அந்த ரெண்டு வரிசைய போடச் சொன்னது யாரு?"

பொறியாளர்கள் கூரையைப் பார்த்தார்கள். நிதி டைரக்டர் தன் ஷூ இல்லாத காலைப் பார்த்தார்.

"நீங்கதான் சார்," என்றார் மேலாளர்.

சேர்மன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு, பயணிகளின் வசதிதான் தனக்கு முக்கியம் என்று ஆரம்பத்திலிருந்தே தான் நினைத்துவந்ததாக அதிகாரியின் பக்கம் திரும்பிச் சொன்னார். காலை நீட்டி உட்காரலாம் என்று விளம்பரம் கொடுக்கும் யோசனை அந்த நொடியிலேயே அவருக்கு வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் சேர்மன், "இன்னைக்கே கழட்டிடு," என்றார்.

"சரி சார். அப்பறம் நான் எப்ப..." மேலாளர் மேசையைக் காலி செய்வது பற்றிக் கேட்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"நீ எங்க போற? நாளைக்கு ஆணையத்துல நேர்ல வந்து பதில் சொல்லணும்னாங்களே, அத யாரு போய் சொல்றது, நானா?" என்றபடி சேர்மன் நொண்டிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தார். இரண்டடி போனதும் நின்று, திரும்பாமலே சேர்த்துக்கொண்டார்: "அந்தப் பொண்ணு கொஞ்சம் மெதுவா தள்ளியிருக்கலாம்."

"மெதுவா தள்ளினா அது தப்பு சார்," என்றார் மேலாளர். சொல்லிவிட்டு, ஸ்பேனரோடு காத்திருந்த பொறியாளர்களைப் பார்த்து விமானத்துக்குள் போகக் கைகாட்டினார்.